ஒருவரும் விடுபடக்கூடாத பட்டியல்

கொச்சிக்கடை,
கொழும்பு 13.

அன்பின் மகளுக்கு,

உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் புற்றுநோய்களை ஆராயும் கூட்டுத் திட்டமொன்றில் ஒருங்கிணைப்பு வேலை கிடைத்திருப்பதாக அம்மா சொன்னார். "கடிதமும் கோப்பும் பார்க்கிற வேலைதானே" என்று அங்கே யாரோ சொன்னதில் உனக்கு மனம் சோர்ந்துவிட்டதாம். அந்தக் கடிதமும் கோப்பும் என்ன செய்திருக்கின்றன என்று தெரிந்தால் சோர்வு போய்விடும்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜோன் பர்ன் தலைமையில் நடந்த 'கேப்-2' ஆய்வை எடுத்துக்கொள். லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பரம்பரையாகவே பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட 861 பேரை உலகெங்குமுள்ள 43 நிலையங்களில் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 600 மில்லிகிராம் அஸ்பிரினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். 2008இல் முதல் முடிவு வந்தபோது இரு பக்கத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அத்தோடு கோப்புகளைக் கட்டி வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

கட்டவில்லை. மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்த ஆட்களைத் தேடித் தேடி விசாரித்தார்கள். 2011இல் பலன் தெரியத் தொடங்கியது. சராசரி பத்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் பின் 2020இல் வெளியான கணக்கில், அஸ்பிரின் எடுத்த 427 பேரில் 40 பேருக்கும், எடுக்காத 434 பேரில் 58 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், பின்லாந்து ஆகிய இடங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் அந்தப் பெயர்களைத் தேடி இருபது ஆண்டு வரைகூடப் பின்தொடர முடிந்தது. முகவரி மாறியவரையும் விடாமல் பட்டியலில் வைத்திருந்தவர்களின் உழைப்பு இல்லாமல் அந்த விடை கிடைத்திருக்காது.

சென்னையிலும் இதே கதைதான். அடையாறு புற்றுநோய் நிலையம் 1982 முதல் நகரத்தின் புற்றுநோயாளர்களைப் பதிவு செய்து வருகிறது. தகவல் தானாக வந்து சேரும் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. பதிவேட்டு ஊழியர்களே வைத்தியசாலை வைத்தியசாலையாக ஏறி இறங்கினார்கள். மரணப் பதிவுகளையும் புரட்டி ஒப்பிட்டார்கள்.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். இங்கே ஒருங்கிணைப்பாளரை முதலில் மடக்குவது அடையாள அட்டை. பழையதில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் கொடுப்பதில் பன்னிரண்டு இலக்கம். தேசிய வைத்தியசாலையில் பழைய இலக்கத்தோடும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புதியதோடும் பதிந்த ஒரே நோயாளி, கணினியில் இரண்டு பேராகிவிடுவார். பழையதில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணானால் அதோடு 500 கூட்டியிருக்கும். இதைத் தெரிந்த ஒருவர் இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம். பெயரை நம்பினால் முடியாது: செல்வராசா, செல்வராஜா, முதலெழுத்து முன்னால், பின்னால் என்று ஒருவருக்கே நாலு எழுத்துக்கூட்டல் இருக்கும். தொலைபேசி இலக்கமும் மாறிக்கொண்டே இருக்கும். நோயாளியின் இலக்கத்தோடு நின்றுவிடாமல், மகளுடையதையும் பக்கத்து வீட்டுக்காரருடையதையும் அவருடைய சம்மதத்தோடு வாங்கி வைப்பவர்தான் ஐந்தாம் ஆண்டிலும் அவரோடு பேசுவார்.

கேள்விக்கொத்தும் அப்படித்தான். "புகையிலை பாவிப்பதுண்டா?" என்று கேட்டால், சிகரெட்டை நினைத்துக்கொண்டு "இல்லை" என்பார்கள். வெற்றிலையோடு என்னென்ன சேர்ப்பீர்கள் என்று கேட்டால் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் வெளியே வரும். புகையிலை சேர்க்காத வெற்றிலைக்கூட்டுகூட உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு கேள்வி பிழைத்தால் ஆய்வின் அடிப்படையே பிழைத்துப்போகும்.

நோயாளிகளைக் கிளினிக்குக்கு அழைக்க நாள் குறிக்கும்போது செவ்வாய்க்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. செவ்வாய்தோறும் இங்கே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருகிற சனம் அன்று கிளினிக்குக்கு வராது.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்முன் ஒருவரையும் சேர்க்கக்கூடாது. சிகிச்சையைப் பரிசோதிக்கும் ஆய்வானால், முதல் நோயாளி சேருமுன்பே இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். பெரிய டொக்டர் அவசரப்படுத்தினாலும் பணிவாக மறுக்கும் உரிமை ஒருங்கிணைப்பாளருக்கு உண்டு.

ஆய்வுக்காக நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகள் இருக்கும் மைனஸ் 80 பாகை உறைபெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாடு இது. ஜெனரேட்டர் எந்த இணைப்புக்கு ஓடுகிறது, டீசலுக்கு யார் கையெழுத்து, இரவில் எச்சரிக்கை மணி அடித்தால் யாருக்கு அழைப்புப் போகும் என்ற மூன்றையும் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி, உறைபெட்டிக் கதவில் ஒட்டிவிடு.

தமிழ் ஒப்புதல் படிவத்தின் வரைவு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த படிவம் நோயாளிக்கு விளங்காது. விளங்காமல் வைத்த கையெழுத்து சம்மதம் ஆகாது. செட்டியார் தெருக் கடையொன்றில் நிற்கும் இரண்டு பேரிடமும், இந்த ஒழுங்கையில் உள்ள வயதான அம்மாமாரிடமும் வாசிக்கக் கொடுத்து, எந்தெந்த வரியில் நின்றார்கள் என்று குறித்து உடனே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா