குதிரை மேல் பிரயாணம்: ஏறுமுன் கற்க வேண்டிய பாடம்



ஆண்டு முடிவை நெருங்கும்போது ஐரோப்பிய தேசங்களில் குளிர் வாட்டத் தொடங்குகிறது. பகல் சுருங்கிவிடும், சூரியனைக் காண்பதே அரிதாகிவிடும். அப்போது அங்குள்ள வசதி படைத்தவர்களில் அநேகர் வெயிலை நாடி மொராக்கோ, தென் ஸ்பெயின், ஜோர்தான், ராஜஸ்தான் முதலிய இடங்களுக்குப் புறப்படுகிறார்கள். அவர்களில் ஒரு சாரார் மோட்டாரில் சுற்றுவதில்லை. ஐந்தாறு தினங்கள் குதிரை மேலேறிக் கிராமம் கிராமமாகச் சென்று, கூடாரத்தில் தங்கி, அவ்வூர் ஜனங்களோடு உண்டு பழகித் திரும்புகிறார்கள். இதனை நடத்திக் கொடுப்பதற்கென்றே ஸ்தாபனங்கள் இருக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறினால் விமான நிலையம்; அங்கிருந்து உலகத்தின் எந்த மூலைக்கும் போகலாம் என்ற காலம் இது. ஆகவே கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள நம் வாலிபர்களுக்கும் இந்தச் சவாரிப் பிரயாணத்தில் ஆசை பிறப்பது இயற்கையே. வெயிலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. அதற்காக ஆயிரக்கணக்கான வெள்ளி செலவிட வேண்டியதுமில்லை. நாம் தேடிப் போகத் தக்கவை அந்நாடுகளின் சரித்திரமும், அம்மக்களின் வாழ்க்கை முறையும், குதிரையைப் பற்றி அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கும் அறிவும் ஆகும். அந்த அறிவில் கொஞ்சமேனும் இல்லாமல் சேணத்தில் ஏறுகிறவன் தனக்கும் கேடு தேடிக்கொள்கிறான். வாயில்லா ஜீவனுக்கும் கேடு செய்கிறான். இதற்குச் சான்று நம் முன்னோரின் கடற்கரையிலேயே இருக்கிறது.

நம் பெயரிலே உள்ள குதிரை

நம்மில் பலர் ராவுத்தர் என்னும் பட்டப் பெயரை உடையவர்கள். அச்சொல் குதிரை வீரனைக் குறிப்பது. மரைக்காயர்களோ கடல் வாணிபத்தில் பேர் பெற்றவர்கள். ஒரு காலத்தில் அரபு நாட்டுக் கப்பல்களில் வந்து தமிழகத்துத் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளில் விலையுயர்ந்தது குதிரையே. பெயரில் குதிரையைச் சுமந்திருக்கும் நம்மில், அதன் குளம்பைத் தூக்கிப் பார்த்தவர் எத்தனை பேர்?

கோலாலம்பூரில் குதிரை என்றதும் முதியவர்களுக்கு நினைவு வருவது அம்பாங் சாலைப் பந்தயத் திடல். சிலாங்கூர் டர்ப் கிளப் 1896-ல் ஏற்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் பந்தயம் சுங்கை பெசிக்குப் பெயர்ந்தது. பழைய திடல் இருந்த இடத்தில்தான் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் எழுந்தது. அந்தத் திடலில் குதிரையைப் பார்த்தவர் ஆயிரம் பேர்; குதிரையை அறிந்தவர் சிலரே. பந்தயச் சீட்டு குதிரையின் பெயரை மட்டும் கற்றுத் தரும். அதன் பசியையும் நோயையும் கற்றுத் தராது.

காயல் துறையின் கதை

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே பழைய காயல் என்னும் ஊர் இருக்கிறது. இன்று மணல் தூர்ந்து ஊர் கடலை விட்டு விலகிவிட்டது. 13-ஆம் நூற்றாண்டில் அது பாண்டிய நாட்டின் பிரதான துறைமுகம். ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வரும் கப்பல்கள் காயலில் வந்து தங்கும் என்று, அந்த நூற்றாண்டின் இறுதியில் அவ்வழியே சென்ற வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்.

பாரசீகச் சரித்திர ஆசிரியர் வஸ்ஸாப் இவ்வியாபாரத்தின் கணக்கையே கொடுத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரிடம் மந்திரியாக இருந்து, காயல் உள்ளிட்ட துறைமுகங்களைப் பார்த்துக்கொண்டார். வளைகுடாத் துறைகள் பலவற்றிலிருந்தும் ஒரு வருஷத்தில் ஏற்றுமதியான குதிரைகள் 10,000 என்றும், ஒரு குதிரையின் விலை 220 தினார் பொன் என்றும் வஸ்ஸாப் கூறுகிறார். பெருக்கினால் 22 லட்சம் தினார்! வழியில் கடலிலே இறந்துபோன குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதாம்.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? பாண்டிய மன்னனும் அவன் சகோதரர்களும் ஆயிரக்கணக்கில் வாங்கியும், வருஷ முடிவில் நூறு கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரையைப் பேணத் தெரிந்தவர்களும் லாடக்காரர்களும் அந்நாட்டில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் அங்கே போய்ச் சேராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்! சோற்றை இறைச்சியோடு வேகவைத்துக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். வஸ்ஸாப் சொல்வதும் இதற்கு ஒத்ததே. வறுத்த பார்லியையும் நெய் கலந்த தானியத்தையும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசும்பால் குடிக்க வைத்தார்களாம். நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு பழக்காமலும் அங்கவடி இல்லாமலும் ஏறி விரட்டினார்களாம். பலமும் வேகமும் உள்ள குதிரைகள் சொற்ப காலத்தில் ஒன்றுக்கும் உதவாமற் போயின.

இவர்கள் இருவரும் வெளிநாட்டார். கேள்விப்பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள். எண்ணிக்கையில் கூடுதல் குறைவு இருக்கலாம். ஆயினும் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே குறையைக் காண்கிறார்கள். பாண்டியரிடம் பொன் இருந்தது, ஆசையும் இருந்தது. பாலும் நெய்யும் கொடுத்ததிலிருந்து அன்பும் இருந்ததென்று தெரிகிறது. குதிரையறிவு மட்டும் இல்லை. பொன் கொடுத்தால் குதிரை கிடைக்கும், குதிரையறிவு கிடைக்காது. இதுதான் காயல் துறை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

குதிரையின் தேகம்

அந்தப் பாலும் நெய்யும் ஏன் கேடாயின என்பதை இன்றைய மிருக வைத்தியம் தெளிவாகச் சொல்லுகிறது. குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்கச் சிறியது. நாள் முழுதும் சிறுகச் சிறுகப் புல்லை மேய்வதற்கென்றே அமைந்தது. நார் மிகுந்த புல் பெருங்குடலில் மெல்லப் புளித்து ஜீரணமாகிறது. அங்கே தானியம் அளவுக்கு மிஞ்சிப் போனாலும், தீனி திடீரென மாறினாலும் கடுமையான வயிற்று நோய் வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே அந்நோய் உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு. கொழுத்த தீனியினால் குளம்பின் உட்பகுதி அழற்சி கண்டு, குதிரை நிற்கவும் முடியாமல் போவதும் உண்டு.

இன்னும் சில கணக்குகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 400 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினமும் 6 முதல் 8 கிலோ உலர்ந்த தீவனம் வேண்டும். தண்ணீர் சாதாரணமாக 25 லிட்டருக்குக் குறையாது. வெயிலில் உழைத்தால் அதைப்போல் இரு மடங்கும் குடிக்கும். ஓய்வில் அதன் நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவான விதி. 400 கிலோ குதிரைக்கு அது 80 கிலோ. சேணத்தைக் கழித்தால் ஏறுகிறவர் ஏறக்குறைய 70 கிலோதான் இருக்கலாம். நம்மில் விருந்து விரும்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்!

இவ்வறிவுக்கு மதிப்புக் கொடுக்கும் போட்டியும் ஒன்று உண்டு. 2008-ல் நமது திரெங்கானுவில் நெடுந்தூரச் சவாரியின் உலகப் போட்டி நடந்தது. இவ்வகைப் போட்டியில் இடையிடையே மிருக வைத்தியர்கள் குதிரையைச் சோதிப்பார்கள். குறித்த நேரத்துக்குள் நாடித் துடிப்பு குறித்த அளவுக்கு இறங்காவிட்டாலும், நடையில் நொண்டல் தெரிந்தாலும், முன்னணியில் வந்தவரும் விலக்கப்படுவார். குதிரையைக் காத்துக் கொண்டுவருகிறவருக்கே அங்கே வெற்றி.

எங்கே போகலாம்?

மொராக்கோ: டாஞ்சியர் நகரில் பிறந்த இப்னு பதூதா 1325-ல் பிரயாணம் தொடங்கி, 1340-களில் நமது மதுரை வரை வந்தவர். அவர் வந்த திசையில் நாம் திரும்பிச் செல்வது பொருத்தமானதே. அங்குள்ள பார்ப் இனக் குதிரை உறுதியும் பொறுமையும் உடையது. அட்லாண்டிக் கரையிலுள்ள எஸ்ஸவீராவில் கடலோரச் சவாரி பிரசித்தம். குதிரை வீரர்கள் வரிசையாகப் பாய்ந்து வந்து ஒரே கணத்தில் துப்பாக்கி வெடிக்கும் தபூரிதா என்னும் கலையை 2021-ல் யுனெஸ்கோ அருவ கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தென் ஸ்பெயின்: 8-ஆம் நூற்றாண்டில் எழுந்த கொர்தோவாப் பள்ளிவாசல் இன்று தேவாலயமாக நிற்கிறது. அதே நகரில் 16-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிலிப் மன்னன் கட்டிய அரச லாயமும் இருக்கிறது. ஹெரெஸ் நகரில் குதிரையேற்றக் கலைக்கென்றே ஒரு பள்ளி நடக்கிறது.

ஜோர்தான்: வாதி ரம் பாலைவனத்தில் பதுவிகளின் வழிகாட்டலில் செம்மலைகளுக்கிடையே சவாரி செய்யலாம்.

ராஜஸ்தான்: நுனிகள் உள்நோக்கி வளைந்த காதுகளையுடைய மார்வாரிக் குதிரைக்குத் தாயகம். ஷேகாவதி வட்டாரத்துச் சித்திர மாளிகைகளைக் குதிரை மேலிருந்தே காணலாம்.

ஓர் எச்சரிக்கை. ஐரோப்பியருக்கு இவை வெயில் நாடுகள். நமக்கு அப்படியல்ல! வாதி ரம்மில் டிசம்பர் இரவு உறைநிலையை நெருங்கும். ராஜஸ்தானத்து விடியற்காலையும் நடுங்க வைக்கும். அவர்கள் மேலங்கியைக் கழற்றும் இடத்தில் நாம் இரண்டு அங்கி போட வேண்டியிருக்கும்.

ஏறுமுன் கேட்க வேண்டியவை

சுற்றுலாத் தலங்களில் ஓய்வின்றி ஓடும் மெலிந்த குதிரைகளைக் காண்பது இன்றும் அபூர்வமல்ல. 1930-ல் கெய்ரோவுக்கு வந்த டாரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி, முதல் உலக யுத்தத்துக்குப் பின் அங்கே விற்கப்பட்ட ராணுவக் குதிரைகள் எலும்பும் தோலுமாய் வண்டியிழுப்பதைக் கண்டார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, ஆயிரக்கணக்கான குதிரைகளை விலைக்கு வாங்கினார். 1934-ல் இலவச வைத்தியசாலையும் ஏற்படுத்தினார். குதிரைக்காரரைத் திட்டுவதோடு அவர் நிற்கவில்லை. அந்த ஏழைகளின் பிழைப்பும் குதிரையின் ஆரோக்கியத்தில்தான் இருக்கிறது என்பதை உணர்ந்து வைத்தியம் செய்தார். நாமும் அந்த நோக்கோடு, பணிவாக, ஆனால் பணம் கட்டுமுன், இவற்றைக் கேட்க வேண்டும்:

1. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சவாரி? குதிரைக்கு ஓய்வு நாள் உண்டா?

2. ஏறுபவரின் எடைக்கு வரம்பு வைத்திருக்கிறார்களா? வரம்பே இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

3. வழியில் தண்ணீரும் தீவனமும் எங்கே கிடைக்கும்?

4. தலைக்கவசம் உண்டா? நம் தலைக்குப் பொருந்துமா? குதிகால் வைத்த பாதரட்சை அவசியம். இல்லையேல் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும்.

5. நமது பிரயாண இன்ஷூரன்ஸ் சவாரியில் நேரும் காயத்துக்குப் பணம் தருமா? பல பத்திரங்களில் சவாரி விலக்கப்பட்டிருக்கும்.

போய்ச் சேர்ந்த பின், சேணம் போடுமுன் குதிரையின் முதுகைப் பாருங்கள். புண் இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். கிடைக்காவிட்டால் அன்று நடந்தே செல்லுங்கள். நான்கு குளம்புகளையும், கண்ணையும், விலா எலும்பையும் பாருங்கள். இறங்கியதும் கூடாரத்துக்கு ஓடாமல், குதிரைக்குத் தண்ணீர் வைக்கும்வரை அதன் அருகில் நில்லுங்கள். குதிரைக்காரர் உங்களிடம் மனம் விட்டுப் பேசுவது அந்த வேளையில்தான். ஆயிரம் படம் பிடித்தாலும் கிடைக்காத விஷயங்கள் அப்பேச்சில் கிடைக்கும்.

“கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்” என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. இன்பப் பிரயாணம் என்றால் முன்வந்து, பயிற்சி என்றால் பின்வாங்கும் மனிதருக்கே அது அதிகம் பொருந்தும். கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே குதிரையேற்றம் கற்பிக்கும் இடங்கள் இருக்கின்றன. புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே அங்கு சென்று நடை, ஓட்டம், நிறுத்தம் ஆகியவற்றைப் பழகுங்கள். லாயத்தைக் கூட்டவும், தீனி வைக்கவும், குளம்பைச் சுத்தம் செய்யவும் அனுமதி கேளுங்கள். வெளிநாடு செல்லப் பணமில்லாதவர் மனம் தளர வேண்டாம். சபாவின் கோத்தா பெலூட்டில் பஜாவ் மக்கள் குதிரையோடு வாழும் வாழ்க்கையைப் பார்த்துப் படிக்க நம் நாட்டிலேயே வழியிருக்கிறது.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

1. பாண்டிய நாட்டில் குதிரைகள் மடிந்ததற்குக் காரணங்கள் யாவை? அவற்றில் அன்பினால் செய்த தவறு எது?

2. குதிரை பேணும் அறிவு பரவாமல் வியாபாரிகள் தடுத்தது ஏன்? நம் காலத்து வியாபாரத்தில் இதற்கு ஒப்பான உதாரணம் கூறுக.

3. 380 கிலோ எடையுள்ள குதிரை. சேணம் 10 கிலோ. ஏறுபவரின் எடை எவ்வளவுக்கு உட்பட்டிருக்க வேண்டும்?

4. மெலிந்த குதிரையையும் அதை நம்பிப் பிழைக்கும் ஏழையையும் ஒருங்கே காணும் பிரயாணி செய்யத்தக்கது என்ன?