கேள்விக்குறியாய்ப் போன நூற்பட்டியல்: விண்டோஸ் நிரல் எழுதுவோர்க்குச் சில குறிப்புகள்



நிரல் எழுதுதல் இன்று கணினித் துறை மாணவர்க்கு மட்டும் உரிய வேலை அன்று. பௌதிகம் பயிலும் நான் ஆய்வுக்கூடத்து அளவைகளைத் தொகுக்க நிரல் எழுதுகிறேன். பொருளியல் பயிலும் என் அறை நண்பரும் எழுதுகிறார். எழுதிய நிரல் நம் மேசைமேல் இருக்கும்வரை நன்றாக ஓடும். பிறர் மேசைக்குப் போனதும் நொண்டத் தொடங்கும். அந்நொண்டலின் காரணங்கள் சிலவற்றை இக்கட்டுரையில் எடுத்துக்கூற விழைகிறேன். இவற்றை நூல்களில் படித்து அறிந்ததைவிட, ஒரு பெரியவருக்கு நான் இழைத்த தீங்கினால் அறிந்ததே மிகுதி. ஆதலின் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தொம்மலூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு சிறு தமிழ்ப் படிப்பகம் உண்டு. விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதைக் காத்து வருகிறார். அங்குள்ள 1,840 நூல்களின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, வரிசை எண் ஆகியவற்றை ஈராண்டுக் காலம் மாலைதோறும் அமர்ந்து, தமிழ்99 விசைப்பலகையில் ஒற்றை விரலால் தட்டி, நோட்பேடில் ஒரு கோப்பாகச் சேர்த்து வைத்திருந்தார். "தம்பி, பேரைப் போட்டா புத்தகம் இருக்கா இல்லையான்னு சொல்ற மாதிரி ஒண்ணு செஞ்சு கொடேன்" என்றார். நானும் மூன்று இரவில் சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் ஃபார்ம்ஸ் முறையில் ஒரு நிரல் செய்து கொடுத்தேன். பட்டியல் அழகாகத் திரையில் தோன்றியது. பெரியவர் புதிய நூல் ஒன்றைச் சேர்த்து, 'சேமி' என்னும் பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் மாலை என்னை அழைத்து, "என்ன தம்பி, எல்லாம் கேள்வியாவே இருக்கு?" என்றார். திறந்து பார்த்தேன். 1,840 நூல்களும் கேள்விக்குறிகளாய் நின்றன. "பழைய படி எங்கே ஐயா?" என்று கேட்டேன். "நீதான் எல்லாம் பாத்துக்கறேன்னியே" என்றார். என் நிரல் பழைய கோப்பின்மீதே புதியதை எழுதியிருந்தது.

தமிழைக் கையாளும் நிரலில் எழுத்து கெட்டுப்போகும்போது மூன்று தோற்றங்களுள் ஒன்று காணப்படும். மூன்றையும் ஒரே நோயெனக் கருதுவது பிழை. திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், எழுத்து உள்ளே நலமாகவே இருக்கிறது; அதை வரைந்து காட்டும் எழுத்துரு மட்டும் இல்லை என்பது பொருள். விண்டோஸ் 2000-இல் வந்த லதாவையோ, விண்டோஸ் 8-இல் வந்த நிர்மலா யூஐ-யையோ அமைத்துவிட்டால் தீர்ந்தது. இரண்டாவது, தலையில் கோடிட்ட ஆங்கில 'ஏ'-யும் வட்டத்துக்குள் அடைத்த 'ஆர்'-உம் மீண்டும் மீண்டும் வரும் தோற்றம். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. அம்மூன்றையும் மேலைநாட்டு எழுத்துகள் மூன்றெனப் படித்துவிட்டால் இக்கோலம் நேரும். சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறப்பவர் இதைப் பலமுறை கண்டிருப்பர். கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்னும் மூன்று பைட்டு அடையாளத்தை இட்டு எழுதினால் எக்செல் சரியாகப் படிக்கும். இங்கும் பொருள் அழியவில்லை. படித்த முறைதான் தவறு.

மூன்றாவதாகிய கேள்விக்குறியோ அத்தகையது அன்று. 'இவ்வெழுத்தை வைக்க என்னிடம் இடமில்லை' என்று கணினி கைவிட்டதன் அடையாளம் அது. கேள்விக்குறி கோப்பில் எழுதப்பட்டுவிட்டால், அங்கே முன்பு 'அ' இருந்ததா 'ழ' இருந்ததா என்பதை எந்த வித்தையாலும் மீட்க முடியாது.

ஏன் இடமில்லை? பழைய விண்டோஸ் ஒவ்வொரு மொழிக்கும் 256 இடங்கள் கொண்ட ஓர் எழுத்து அட்டவணையை வைத்திருந்தது. இதை ஆன்சி என்பர். தமிழுக்கு அத்தகைய ஆன்சி அட்டவணை விண்டோஸில் அமைக்கப்படவே இல்லை. ஆதலால் அக்காலத்தார் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துருக்களைக் கொண்டு காலம் தள்ளினர். ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் குழம்பியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் ஏற்றது. யூனிகோடில் 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தபோதிலும், தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது 2010-இல்தான். எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்16 என்பதையும் மாற்று முறையாக அப்போது ஏற்றனர்.

என் நிரலில் நேர்ந்தது என்ன? படிக்கும் வரியில் ஒன்றும் குறிப்பிடாததால் அது யூடிஎஃப்-8 எனக் கொண்டு சரியாகப் படித்தது. எழுதும் வரியிலோ, எங்கோ கண்டதைப் பார்த்து 'என்கோடிங் டிஃபால்ட்' என எழுதி வைத்தேன். பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் அச்சொல்லுக்கு அக்கணினியின் ஆன்சி அட்டவணை என்று பொருள். புதிய டாட்நெட்டில் அதே சொல்லுக்கு யூடிஎஃப்-8 என்று பொருள். ஒரு சொல், இரு பொருள்! படிக்கும்போதும் எழுதும்போதும் யூடிஎஃப்-8 என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவதே நலம். அதனினும் முதன்மையானது, பழைய கோப்பின்மீது நேராக எழுதாமை. புதிய பெயரில் முழுதும் எழுதி முடித்து, பின்பு 'ஃபைல் ரீப்ளேஸ்' கட்டளையால் இடம் மாற்றினால், பழையது காப்புப் படியாக நிற்கும். இடையில் மின்சாரம் போனாலும் கேடில்லை. இவ்வொரு வரி என் நிரலில் இருந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

இனி, மீட்பு வேலையைச் சொல்கிறேன். எண்களும் புள்ளிகளும் இடைவெளிகளும் எல்லா அட்டவணைகளிலும் உள்ளவை ஆதலால் அவை பிழைத்திருந்தன. வரிசை எண் இருந்தது, பதிப்பாண்டு இருந்தது. அலமாரியில் உள்ள நூலை எடுத்து, முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்துத் திரும்ப எழுதிவிடலாம். ஆனால் இரவல் போனவையும் காணாமற் போனவையும் நானூறுக்குமேல் இருந்தன. யாரிடம் எது போயிற்று என்பதற்கு அப்பட்டியலே சான்று.

பெரியவர் திரையை உற்றுப் பார்த்தார். "??. ?." என்று ஓரிடத்தில் இருந்தது. "இது மு. வ. தானே?" என்றார். உண்மைதான்! ம, உகரக்குறி, புள்ளி, இடைவெளி, வ, புள்ளி. அருகே நூலின் பெயர் நான்கு கேள்விக்குறி, ஓரிடைவெளி, ஏழு கேள்விக்குறி. 'பெற்ற மனம்' ஆகுமா? அதற்கு ஐந்தும் நான்கும் வேண்டும். 1961-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற 'அகல் விளக்கு' சரியாகப் பொருந்தியது. அகல் என்பதில் நமக்கு எழுத்து மூன்று. கணினிக்கு அ, க, ல, புள்ளி என நான்கு. விளக்கு என்பதில் நமக்கு நான்கு, கணினிக்கு ஏழு. அழிந்துபோன பெயர்களின் நீளம் மட்டும் அழியாமல் இருந்தது கண்டு மகிழ்ந்தோம்.

இவ்வெண்ணிக்கை வேறுபாடு நிரல் எழுதுவோரைப் பலவிதத்தில் இடறச் செய்யும். பெயரின் முதல் பத்து எழுத்தைக் காட்டச் சொன்னால், பத்தாவது உறுப்பு மெய்யின் நடுவில் விழுந்து புள்ளி அறுந்துபோகும். 'ல்' என்பது 'ல' ஆகிவிடும். டாட்நெட்டில் 'ஸ்ட்ரிங்இன்ஃபோ' என்னும் வகுப்பைக் கொண்டு எண்ணினால் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகவே எண்ணும். 'க்ஷ' மட்டும் இரண்டாகும். அதில் குறை காண வேண்டியதில்லை, தொல்காப்பியரும் அதை எண்ணியவர் அல்லர்.

தேடலிலும் இடர் உண்டு. நம் ஊர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதைப் பலர் அறிவீர்கள். லூயிஸ் ரைஸ் 1905-இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியிலும் அவை உள்ளன. அக்கோயில் பற்றிய சிறு நூல் ஒன்று படிப்பகத்தில் உண்டு. மீட்ட பட்டியலில் 'தொம்மலூர்' எனத் தேடினால் அந்நூல் அகப்படவில்லை. கண்ணெதிரே பெயர் நிற்கிறது, கணினி இல்லை என்கிறது! ஆராய்ந்ததில், அவ்வரியை மட்டும் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித் தந்த ஒரு கருவி, 'தொ'வின் ஒகரக்குறியை ஒரே உறுப்பாக வையாமல், கொம்பும் காலுமாக இரண்டு உறுப்பாக வைத்திருந்தது. திரையில் இரண்டும் ஒன்றே. உள்ளே ஒன்று ஒன்பது உறுப்பு, மற்றொன்று பத்து. தேடும் சொல்லையும் தேடப்படும் வரியையும் 'நார்மலைஸ்' என்னும் கட்டளையால் ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடல் வேண்டும். ஆயினும் 'கௌ' என்பதற்குக் 'கெ'யும் 'ள'வும் தட்டி வைப்பாரையும், துணைக்காலுக்கு ரகரத்தை இடுவாரையும் அக்கட்டளை திருத்தாது. அது நம் விரல் செய்யும் பிழை.

அகர வரிசையும் இவ்வாறே. இரண்டாம் முறை பட்டியலை எஸ்க்யூலைட் என்னும் சிறு தரவுத்தளத்தில் வைத்தேன். அது தானாகச் செய்யும் ஒழுங்கு குறியெண் ஒழுங்கு. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. ஆதலின் 'மலர்' என்பதற்கு முன் 'மனம்' வந்தது. 'அக்கா'வுக்கு முன் 'அகம்' வந்தது. பெரியவர் முகம் சுளித்தார். தமிழ் மொழியின் ஒழுங்கில் ஒப்பிடுமாறு டாட்நெட்டுக்குச் சொல்லி, பட்டியலை நிரலுக்குள் ஒழுங்குபடுத்திக் கொண்டபின் அகராதி முறைக்கு வந்தது.

கேள்விக்குறி நீளங்களை ஒரு பழைய நூலகப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் ஊகிக்கும் சிறு பகுதியையும் நிரலில் சேர்த்தேன். பொத்தானை அழுத்தியதும் சாளரம் வெளுத்துப்போய், 'பதிலளிக்கவில்லை' என்றது. பெரியவர் மேலும் நான்குமுறை அழுத்தினார். இது மிகப் பொதுவான இடர். அஞ்சலகத்தில் ஒரே சாளரம், ஒரே எழுத்தர் என வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் நிரலும் அப்படித்தான். சுட்டியின் அசைவு, விசையின் அழுத்தம், 'உன்னை வரைந்துகொள்' என்னும் ஆணை ஆகிய யாவும் செய்திகளாக ஒரு வரிசையில் நிற்க, ஒரே இழை ஒவ்வொன்றாய் எடுத்துச் செய்கிறது. அவ்வெழுத்தரிடமே நெடிய கணக்கு ஒன்றைக் கொடுத்தால் வரிசை நகராது. ஐந்து விநாடி நகராவிட்டால் விண்டோஸ் அதை உணர்விழந்ததாகக் கொள்கிறது. பெரியவரின் நான்கு அழுத்தங்களும் வரிசையில் காத்திருந்து, கணக்கு முடிந்ததும் மீண்டும் நான்குமுறை கணக்கைத் தொடங்கின!

கணக்கை 'டாஸ்க் ரன்' கொண்டு வேறோர் இழைக்கு ஒப்படைத்து, 'அவெய்ட்' எனக் காத்திருந்து, முடியும்வரை பொத்தானைச் செயலற்றதாக்கி வைப்பதே முறை. சிலர் 'டூஈவென்ட்ஸ்' என்னும் கட்டளையை இடையிடையே தெளிப்பர். அது பாதிக் கணக்கில் எழுத்தரை எழுப்பி வேறு வேலை வாங்குவது போன்றது. நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றோர் எச்சரிக்கை: பின்னணி இழையிலிருந்து திரையின் பெட்டிகளைத் தொடலாகாது. பிழை ஆய்வானில் ஓட்டும்போது விண்டோஸ் ஃபார்ம்ஸ் இதை உடனே கண்டித்து நிறுத்தும். தனியே ஓடும்போது பெரும்பாலும் கண்டிக்காது. அதனால்தான் நம் நிரல் பிறர் மேசையில் காரணம் தெரியாமல் விழுகிறது. தொட வேண்டுமாயின் 'இன்வோக்' வழியாகத் திரையின் இழைக்கே சொல்லி அனுப்புக.

மற்றவை சிறியன. தரவுக் கோப்பைப் 'புரோகிராம் ஃபைல்ஸ்' அடைவில் வைக்காதீர்கள். 2007-இல் பரவலாக வந்த விண்டோஸ் விஸ்டா முதல் அங்கே எழுதச் சாதாரணப் பயனருக்கு உரிமையில்லை. சில பழைய நிரல்கள் எழுதுவதை விண்டோஸ் ஓசையின்றி வேறோர் அடைவுக்குத் திருப்பிவிடும். சேமித்தவர் தேடி அலைவார். பயனரின் 'ஆப்டேட்டா' அடைவே உரிய இடம். நாளை எழுதும்போது 1962-04-03 என ஆண்டு முதலாக எழுதுக. 03-04-1962 என்பதை அமெரிக்க அமைப்பிலுள்ள கணினி மார்ச்சு 4 என்று படிக்கும். இரவல் நாட்களில் இதனாலும் ஒரு சண்டை வந்தது, அதை விரிக்கவில்லை.

இன்று 1,840 நூல்களில் 1,817-க்குப் பெயர் திரும்பிவிட்டது. பெரியவர் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கோப்பைப் பென்டிரைவில் படியெடுத்து, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிறார். எஞ்சிய இருபத்து மூன்றில் ஒன்றைக் கீழே தருகிறேன். வரிசை எண் 1107, பதிப்பு 1954, ஆசிரியர் பெயருக்கு முன் ஒரு குறியும் புள்ளியும், நூற்பெயர் பத்துக் குறி, ஓரிடைவெளி, நான்கு குறி. பொருந்தும் பெயர் தோன்றுவோர் ஒரு தாளில் எழுதிச் சங்க அறையின் பெட்டியில் இடுக.