கைப்பேசியில் தேடுவதும் நமது அந்தரங்கமும்

சங்கத்துக் கடன் பேரேட்டில் ஓர் அங்கத்தினருடைய பக்கத்தை மற்றோர் அங்கத்தினர் புரட்டிப் பார்க்க எந்தக் காரியதரிசியும் இசையமாட்டார். எவர் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார், எவருடைய நகை ஈட்டில் இருக்கிறது என்பவை தெருவில் பேசுதற்குரிய செய்திகள் அல்ல. இவ்வளவு கண்டிப்பாகத் தம் கணக்கைக் காத்துக்கொள்ளும் அதே அங்கத்தினர், வீடு திரும்பியதும் கைப்பேசியை எடுத்து ‘அவசரக் கடன்’ என்றோ ‘முழங்கால் வலி’ என்றோ தேடுகிறார். அதுவும் ஒரு பேரேட்டில் பதிவாகிறது. அது எவருடைய பேரேடு, அதில் என்ன எழுதப்படுகிறது, அதனை அழிக்க நமக்கு உரிமை உண்டா என்பதே இம்மாதப் பாடம்.

தேடல் பெட்டியில் நாம் எழுதும் சொல் மட்டும் நிறுவனத்தின் கணினிக்குச் செல்வதில்லை. தேடிய நேரம், கருவியின் வகை, இணைய இணைப்பின் முகவரி, அதிலிருந்து ஊகிக்கப்படும் ஊர், கைப்பேசியில் எக்கணக்கின் பெயரால் நுழைந்திருக்கிறோமோ அக்கணக்கு ஆகியவையும் உடன் செல்லும். நாம் எழுதி முடிக்கு முன்னரே கீழே சொற்கள் வரிசையாய்த் தோன்றுகின்றனவே, அஃது எவ்வாறு? ஒவ்வோர் எழுத்தும் அழுத்தப்படும்போதே அனுப்பப்படுவதனால்தான். ஆகவே, பாதி எழுதி ‘வேண்டாம்’ என்று அழித்த சொல்லும் போய்ச் சேர்ந்திருக்கக் கூடும்.

நம் கருவிக்குள் இருக்கும் பொருளைத் தேடினால் அது வெளியே போகாது என்று பலரும் எண்ணுகின்றனர். அதுவும் உறுதியன்று. 2012 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு என்னும் கணினி இயங்குதளத்தின் 12.10 பதிப்பில், ஒருவர் தமது கணினியில் உள்ள கடிதத்தைத் தேடினாலும் அச்சொல் கனானிக்கல் நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, அமேசான் கடைச் சரக்குகளையும் உடன் அழைத்து வந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் இதனை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். 2016-இல் வந்த 16.04 பதிப்பில்தான் அவ்வசதி தானாக இயங்காதவாறு நிறுத்தி வைக்கப்பட்டது. 2014 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனமும் தன் கணினிகளின் தேடல் பெட்டியில் எழுதியதையும் இருப்பிடத்தையும் தன்னிடம் வரவழைத்தமைக்காகக் குறைகூறப்பட்டது. ஆளை அடையாளப்படுத்தாத தற்காலிக எண் ஒன்றையே பயன்படுத்துவதாகவும், அதனைப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றுவதாகவும் அந்நிறுவனம் விடை கூறிற்று.

பெயரை நீக்கி எண்ணிட்டுவிட்டால் போதுமோ? இதற்கு விடை 2006-லேயே கிடைத்துவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆராய்ச்சியாளர்க்கு உதவும் நோக்குடன், ஏறத்தாழ 6,50,000 பேர் மூன்று மாத காலத்தில் தேடிய சுமார் இரண்டு கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்கள் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டுமே. ஆயினும் சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணின் கீழ் இருந்த தேடல்களைக் கோத்துப் பார்த்து, ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் வீட்டு வாயிலுக்கே சென்றுவிட்டனர். அவர் தேடியவை அவருடைய ஊர், குடும்பப் பெயர், உடல் உபாதைகள், வீட்டு நாய் ஆகியவைபற்றிய சாதாரணச் செய்திகளே. தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிட்டார். ஏ.ஓ.எல். அப்பட்டியலைத் திரும்பப் பெற்றது. அதற்குள் பிறர் அதனைப் படியெடுத்துவிட்டனர்.

“எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லையே” என்று கூறுவாரும் உளர். அவர்கள் கருதுவது குற்றத்தைப் பற்றி. நாம் பேசுவது பேரத்தைப் பற்றி. நூல் வாங்கப் பணமில்லாமல் தவிக்கும் நெசவாளரின் நெருக்கடியை வட்டிக்காரர் முன்னதாக அறிந்தால் வட்டி எவ்வாறிருக்கும் என்பதை நம் அங்கத்தினருக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதே அதன் பொருட்டுத்தான். தேடல் நிறுவனங்கள் நம் தேடல்களை அப்படியே விற்பதில்லை என்று கூறுகின்றன, அதனை ஏற்றுக்கொள்வோம். ஆனால் நம் தேவை இன்னதென அறிந்து, அத்தேவையுள்ளோர் கண்ணில் படும் இடத்தை விளம்பரதாரருக்கு அளிப்பதே அவர்களுடைய முதன்மையான வருமானம். ‘கடன்’ என்று தேடியவரின் திரையில் கடன் செயலிகள் வந்து நிற்பது இதனால்தான். அச்செயலிகளுள் சில, கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களை யெல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறியவரின் உறவினருக்கு அழைத்து மானத்தை வாங்கின. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் தொடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. அதனை மீறிக் கேட்கும் செயலியை உடனே நீக்கிவிடுக.

நிற்க. நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? ஆதார் தொடர்பாக ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த சஞ்சய் கிஷன் கௌல், தமது தீர்ப்புரையில், அரசு மட்டுமன்றித் தேடல் நிறுவனங்களும் நம் நடமாட்டத்தையும் வரவு செலவையும் அறிந்திருப்பதை எடுத்துக்காட்டினார். அதன்பின் 2023-இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் மீதான கடமைகளில் பெரும்பாலானவை பதினெட்டு மாதம் கழித்தே செயலுக்கு வருமென விதிகள் கூறுகின்றன. இத்துணை நீண்ட தவணை தேவையா என்பது வேறு கேள்வி.

இச்சட்டத்தில் நமக்குப் பயன்படுவன சில. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட அட்டவணை மொழிகள் இருபத்திரண்டில் எதிலும் படிக்க வாய்ப்பளிக்க வேண்டும். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாயிருத்தல் வேண்டும். பதிவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் கோரலாம். ஆனால் நடைமுறை என்ன? பாடியிலும் அம்பத்தூரிலும் கைப்பேசிக் கடைகளுக்குச் சென்று பாருங்கள். புதுக் கருவியைப் பிரித்ததும் கடைப் பையன் ‘ஏற்கிறேன்’, ‘ஏற்கிறேன்’ என்று தானே அழுத்திக்கொண்டு போகிறான். விலை கொடுத்தவர் தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறார். படியாத பத்திரத்தில் கைரேகை வைக்காதவர்கள் இங்கே பிறர் விரலால் வைக்கின்றனர்! அந்த ஐந்து நிமிடங்கள் நீங்களே உடனிருந்து, இருப்பிடம், குரல்பதிவு, விளம்பரம் பற்றிய கேள்விகளுக்கு ‘வேண்டாம்’ என்று விடையளியுங்கள். கருவி குறைவின்றி வேலை செய்யும்.

பழைய கருவியிலும் செய்யக்கூடியது உண்டு. கூகுள் கணக்கின் அமைப்புகளில், இணையச் செயல்பாடுகளின் பதிவை நிறுத்தி வைக்கவோ, 3, 18 அல்லது 36 மாதங்களில் தானே அழியுமாறு குறிக்கவோ இயலும். 2020 ஜூன் முதல் புதிதாகத் தொடங்கப்பட்ட கணக்குகளில் 18 மாதம் என்பது தானே அமைந்திருக்கும். அதற்கு முற்பட்ட கணக்குடையோர் தாமே சென்று குறிக்க வேண்டும். ‘மறைநிலை’ என்னும் சாளரத்தை முழுமையாக நம்பற்க. அது கருவியில் சுவடு விடாதிருக்குமேயன்றி நிறுவனத்தின் கண்ணை மறைக்காது. இதுபற்றி அமெரிக்காவில் 2020-இல் தொடரப்பட்ட வழக்கு சமரசத்தில் முடிந்து, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024-இல் இசைந்தது.

இறுதியாக நம் வீட்டைப் பற்றி. இச்சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமன்று. அங்கத்தினர் விவரங்களைக் கணினியில் வைத்திருக்கும் சங்கத்துக்கும் பொருந்தும். ஆதார் நகலை வாட்ஸப் குழுவில் அனுப்பச் சொல்வதும், அங்கத்தினர்க்காகச் சங்க எழுத்தர் தம் சொந்தக் கைப்பேசியில் தேடிக் கொடுப்பதும் ஆங்காங்கே நடப்பவை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குக் காரியதரிசிகள் ஒரு பட்டியல் தயாரித்து வரலாம்: அங்கத்தினர் விவரங்கள் எந்தக் கணினியில், எவர் கைப்பேசியில், எத்தனை ஆண்டுகளாக உள்ளன; அவற்றுள் இன்று தேவைப்படாதவை எவை.