பரணில் கிடக்கும் வைமேக்ஸ் பெட்டி

கேள்வி: எங்கள் கிராமத்து வீட்டில் 2011-ல் கம்பியில்லா இணையத்துக்காக வாங்கிய வைமேக்ஸ் மோடம் பரணில் கிடக்கிறது. மொட்டை மாடிக் கம்பத்தில் அதன் ஆன்டெனாவும் அப்படியே இருக்கிறது. "50 கிலோமீட்டர் எட்டும்" என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். மூன்று கிலோமீட்டரில் இருந்த டவரே சரியாகக் கிடைக்கவில்லை. இப்போது 4ஜி சிம் போட்டு அதை ஓட்ட முடியுமா?

பதில்: முடியாது. மோடத்தைத் திருப்பிப் பாருங்கள், சிம் செருக இடமே இருக்காது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை நெட்வொர்க் அடையாளம் கண்டது, தயாரிக்கும்போதே உள்ளே பதித்த டிஜிட்டல் சான்றிதழையும் மேக் எண்ணையும் வைத்துத்தான். 4ஜி என்று நாம் சொல்லும் எல்டிஇ வேறு பாஷை. அது இதற்குப் புரியாது. 2010-ல் இந்தியாவில் பிராட்பேண்ட் அலைவரிசை ஏலம் நடந்தபோதே காற்று எல்டிஇ பக்கம் திரும்பிவிட்டது. 2012-ல் ஏர்டெல் கொல்கத்தாவில் 4ஜி தொடங்கியதும் எல்டிஇயில்தான். நீங்கள் வாங்கியது மூடப்போகும் கடையில்!

அந்த 50 கிலோமீட்டர் முழுப் பொய்யல்ல. இரு முனையிலும் உயரமான கம்பம், நடுவே மரமோ மேடோ இல்லாத நேர்ப்பார்வை, குறைந்த வேகம் போதும் என்ற மனது, எல்லாம் சேர்ந்தால் எட்டும். விற்க வந்தவர் அதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னார். கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் பக்கத்து ஊருக்கும் கேட்கும். உங்கள் வாசலில் நின்று நீங்கள் போடும் சத்தம் கோயிலுக்குக் கேட்குமா? டவர் பல வாட் சக்தியில் கத்துகிறது. உங்கள் பெட்டியோ அரை வாட்டைத் தாண்டினாலே பெரிது. தூரத்தைத் தீர்மானிப்பது இந்த மெலிந்த குரல்தான். போதாததற்கு, மழையில் நனைந்த மாமர இலைகள் 2.5 ஜிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே உறிஞ்சும்.

கம்பத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அடாப்டரைப் புதுக் கருவியில் செருகிவிடாதீர்கள், வோல்டேஜ் ஒத்துப்போகாவிட்டால் கருவி போய்விடும். உங்கள் ஊரில் 5ஜி இருந்தால் ஏர்ஃபைபர் எனும் கம்பியில்லா வீட்டு இணையத்தைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மாடியில் வைக்கும் 4ஜி ரவுட்டர். வாங்குமுன் கம்பத்தடியில் நின்று, போனில் சிக்னல் அளவு காட்டும் செயலியில் ஆர்எஸ்ஆர்பி எண்ணைப் பாருங்கள். மைனஸ் 95 நல்லது. மைனஸ் 115 என்றால் பணத்தைப் போடாதீர்கள். மாமரம் மறைத்தால் கிளையை வெட்டவேண்டாம், மாடியின் அடுத்த மூலைக்குப் போய் மறுபடி அளந்து பாருங்கள்.