வருகைப் பதிவும் நம்பிக்கையும்

எல்லையிலுள்ள எங்கள் வேலந்தாவளத்திலிருந்து கோவை நிறுவனங்களுக்குப் பணிக்குச் செல்வோர் உளர். 2020ஆம் ஆண்டுத் தொற்றுக்காலத்தில் பலர் வீட்டிலிருந்தே உழைத்தனர். பின்னர், ‘அலுவலகம் வருக’ என்னும் ஆணைகள் பிறந்தன. நாளை நம்மையும் எதிர்நோக்கும் ஆணை அது.

டி.சி.எஸ். நிறுவனம் 2024இல் காலாண்டு ஊக்கத்தொகையை வருகையோடு பிணைத்தது. 60 விழுக்காட்டிற்குக் குறைந்தோர்க்கு அத்தொகை இல்லை. வருகையை எண்ணுதல் எளிது; உழைப்பை அளத்தல் அத்துணை எளிதன்று. இங்கேதான் ஐயம் புகுகின்றது.

புதியோர் மூத்தோர் அருகிருந்து கற்கவேண்டும் என்பதை யான் மறுக்கவில்லை. அதற்கு வாரத்தில் மூன்று நாள் போதும் என்பேன். சீனத்து டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடையே நடந்து, 2024இல் வெளியான ஆய்வைக் காண்க: இரு நாள் வீட்டிலிருந்து பணியாற்றியோரின் திறன் குன்றவில்லை, பணி துறந்தோர் தொகை மூன்றிலொரு பங்கு குறைந்தது. முதலில் ஐயுற்ற மேலாளர்களும் முடிவில் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர்.