கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் கூட்டப் போகிறீர்களா?

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பங்குனி வெயில் 40 டிகிரியைத் தொடும். மூணாறில் தை மாதக் குளிர் பூஜ்ஜியத்தை நெருங்கும். அறைச் சூடு ஏற ஏற கார்டின் சூடும் ஏறும். ஆகவே:

• முதலில் விசிறியில் படிந்த தூசியைச் சுத்தம் செய்யுங்கள்.

• எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கோர் வேகத்தைப் படிக்கு 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றுங்கள். வோல்டேஜைத் தொடாதீர்கள்.

• ஒவ்வொரு படியிலும் யூனிஜின் ஹெவன் என்ற சோதனை மென்பொருளை 10 நிமிடம் ஓட்டுங்கள். கடைசியில் ஒரு மணி நேரம்.

• திரையில் புள்ளியோ கோடோ மின்னினாலோ, கேம் உறைந்தாலோ இரண்டு படி இறக்குங்கள்.

• கார்டின் சூடு 80 டிகிரியைத் தாண்டினால் விசிறி வேகத்தைக் கூட்டுங்கள்.

• மூணாறுக் குளிரில் தாங்கிய வேகம் சித்தூர் வெயிலில் தாங்காமல் போகலாம். கோடை நடுப்பகலில் மறுபடி சோதியுங்கள்.

• ஐப்பசி இடிமழையில் சோதனை வேண்டாம், பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.