பிள்ளைய யாரு பாத்துக்கிறா?



இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு ‘அரசியலில் தாய்மார்கள்’ என்று தலைப்பு கொடுத்தார்கள். நான்கு வீராங்கனைகளின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் பாடம் நடத்த எனக்கு வாய் வராது.

எங்கள் தாமானில் ஒரு அக்கா இருக்கிறார். செனவாங்கில் தொழிற்சாலை வேலை, மூன்று வயதில் ஒரு மகன். அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளுக்காகப் பதிவிலாகாவுக்கு அலைவது, தண்ணீர் வராவிட்டால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பது, இதெல்லாம் அவருக்குப் பழக்கம். ஒரு கட்சியின் கிளையில் மகளிர் பிரிவுத் தலைவிக்கு அவரை நிறுத்தலாம் என்று பேச்சு வந்தது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் நாங்கள் பெண்கள் எல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போது நான்தான் கேட்டேன்: “எல்லாம் சரிக்கா, பிள்ளைய யாரு பாத்துக்கிறா?”

நல்ல எண்ணத்தில் கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரு பெரியம்மா, “அதானே!” என்றார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: “நீ ஞாயித்துக்கிழமை தேவார வகுப்பு எடுக்கிறியே, அப்ப உன் பிள்ளைய யாரு பாத்துக்கிறா?”

என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். ஆறு வருடமாக. ஒருவர்கூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. என் பாட்டி ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலரைக்கெல்லாம் லயத்தில் விளக்கு எரியும். ஐந்து மணிக்குப் பெரட்டு. அதற்கு முன்பே தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டி ஆயக்கொட்டகையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். இருட்டில் பிள்ளையின் முகம்கூடத் தெரியாது என்பார். பிறகு உளி, வாளி, காண்டாக்கம்பு. கைப்பிள்ளைக்காரிகள் மட்டும் நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி நிரைக்கு ஓடுவார்கள். இப்படித்தான் என் அம்மா வளர்ந்தார், என் மாமாக்கள் வளர்ந்தார்கள். சிலியாவ், லாபு, சுவா பெத்தோங், பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்த யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்வார்கள்.

ஆக, ‘வேலைக்குப் போகும் தாய்’ என்பது நமக்குப் புதுசு இல்லை. பட்டணத்துப் பத்திரிகைகள் அதைப் பெரிய விஷயமாக எழுதத் தொடங்குவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே நம் பாட்டிமார்கள் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள்தான். அப்போது யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. துரையும் சொல்லவில்லை, கங்காணியும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணும் சொல்லவில்லை.

அதே லயத்தில் இன்னொரு பெண்ணும் இருந்தார். தொழிற்சங்கத்தில் சேர்ந்து, மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ சிரம்பானுக்குக் கூட்டத்துக்குப் போய்வருவார். ஒரு தடவை அவர் போயிருந்த நேரம் பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல். பிள்ளை பிழைத்துக்கொண்டது, நன்றாக வளர்ந்தது, கல்யாணமும் ஆனது. ஆனாலும் அந்தக் காய்ச்சலை லயத்துப் பெண்கள் முப்பது வருடம் மறக்கவில்லை. ‘மீட்டிங்குல வந்த காய்ச்சல்’ என்றே அதற்குப் பெயர். அதே வருடம் இன்னொரு பையன் ஆயக்கொட்டகைப் படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். அவன் அம்மா அப்போது மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பெயர் ‘விதி’.

என் பாட்டியும் அப்படிப் பேசியவர்தான். கடைசிக் காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்: “அப்பல்லாம் பால்மரத்துக்குப் போனா பொழப்பு, மீட்டிங்குக்குப் போனா திமிரு.”

இதைத்தான் உங்களை யோசிக்கச் சொல்கிறேன். பிள்ளை தனியாக இருப்பதுதான் கவலை என்றால், தினமும் எட்டு மணி நேரம் ஆயக்கொட்டகையில் கிடந்த பிள்ளைக்காக ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? மாதத்தில் ஒரு நாள் கூட்டத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு பேச்சு? தோட்டத்து வேலை சம்பளம் கொண்டுவந்தது. அதனால் அது குடும்பத்துக்கான வேலை. தேவார வகுப்பு சாமி காரியம். அரசியல் மட்டும் அவள் தனக்காகப் போகிற இடமாம். ஊருக்காக அலைகிறவளை ‘பேருக்காக அலைகிறாள்’ என்று சொல்லிவிடுகிறோம். அவளுக்கு அங்கே சம்பளம்கூட இல்லை என்பது நம் கண்ணில் படுவதில்லை.

2019 ரந்தாவ் இடைத்தேர்தல் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2018 பொதுத்தேர்தலில் ஒரு வேட்பாளரை வேட்புமனு மையத்துக்குள்ளேயே விடாததால் போட்டியின்றி முடிந்த தொகுதி அது. வழக்கு நடந்து, அந்த முடிவு செல்லாது என்றாகி, ஏப்ரல் 13ல் மறுபடி தேர்தல் வந்தது. நான்கு பேர் நின்றார்கள். முன்னாள் மந்திரி புசார் ஒருவர், மருத்துவர் ஒருவர், ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர். நான்காவது, சுயேச்சையாக நின்ற ஒரு தமிழ்ப் பெண். செய்திகளில் அவருக்குக் கொடுத்த அடையாளம் ‘இல்லத்தரசி’. மற்ற மூவருக்குத் தொழிலைச் சொன்னார்கள், இவருக்கு வீட்டைச் சொன்னார்கள். அந்த மூவருக்கும் வீடு இல்லையா என்ன?

அவருக்கு நூறு ஓட்டுகூட விழவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. சுயேச்சைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். வருத்தம் வேறு. அப்போது சாப்பாட்டுக் கடையில் எங்கள் பெண்கள் பேசிக்கொண்டது இதுதான்: “வீட்டப் போட்டுட்டு இதெல்லாம் தேவையா?” அவர் என்ன சொல்லி ஓட்டுக் கேட்டார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 2008ல் அமெரிக்காவில் சாரா பேலின் துணை அதிபர் வேட்பாளராக நின்றபோது அவருக்கு ஐந்து பிள்ளைகள். கடைசிக் குழந்தை டவுன் சிண்ட்ரோமோடு பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இந்த நேரத்தில் இவளுக்கு இது தேவையா என்று கேட்டவர்களில் பெண்கள் நிறைய. அதே தேர்தலில் ஒபாமாவுக்கும் சின்னச் சின்னதாக இரண்டு பெண் பிள்ளைகள். அவரைப் பார்த்து ‘அருமையான அப்பா’ என்றார்கள். பேலினின் அரசியல் எனக்குத் துளியும் ஒத்துவராது. ஆனால் அவரோடு சண்டை போட அந்த அரசியலே போதும், தொட்டிலை இழுக்க வேண்டியதில்லை.

பெண் பெண்ணைக் குறை சொல்லவே கூடாது என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பாருங்கள். 1886ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். இரண்டு மகன்களுக்குத் தாய். சென்னை மாகாணச் சட்ட மேலவையில் முதல் பெண் உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் இருந்தவர். மருத்துவப் பணி கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கியவரை அந்த இடத்துக்குத் தள்ளிவிட்டதே இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள்தான். பிறகு 1927ல் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று அவர் கிளம்பியபோது, எதிர்த்து முன்னால் நின்றவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். திருவையாற்றில் தியாகராசருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினாரே, அவரேதான். தேவதாசிப் பெண்கள் சங்கம் கூட்டி மனுக் கொடுத்தார்கள். எங்கள் பிழைப்பு, எங்கள் கலை, எங்கள் சொத்துரிமை என்னாவது என்று கேட்டார்கள்.

நான் முத்துலட்சுமி அம்மையார் பக்கம்தான். அந்த முறை போனது நல்லது. சட்டமாவதற்கு 1947 வரை ஆனது என்பதுதான் கொடுமை. ஆனால் எதிர்த்த பெண்கள் கேட்ட கேள்விகள் நேர்மையானவை. உன் சட்டம் எங்களை என்ன செய்யும் என்றார்கள். அப்படிக் கேட்டால் பதில் சொல்லலாம், வாதாடலாம், சட்டத்தைத் திருத்தலாம். ‘பிள்ளைய யாரு பாத்துக்கிறா’ என்றால் என்ன பதில் சொல்வது? எந்தப் பதில் சொன்னாலும் அவள் குற்றவாளிதான்.

சரித்திரத்தில் இருக்கும் தாய்மார்களிடம் மட்டும் நாம் தாராளமாக நடந்துகொள்கிறோம். 1772ல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட்ட பிறகு வேலு நாச்சியார் தன் மகளோடு விருப்பாச்சிக்குத் தப்பிப் போனார். எட்டு வருடம் படை சேர்த்து 1780ல் சிவகங்கையை மீட்டார். அந்த எட்டு வருடமும் மகளுக்கு யார் தலை பின்னிவிட்டார்கள் என்று நம் மேடைகளில் யாரும் கேட்பதில்லை. சான்சி ராணியைப் படம் வரைந்தால் முதுகில் பிள்ளையைக் கட்டித்தான் வரைகிறோம். 1943ல் நேதாசி அந்த ராணியின் பெயரில் படை அமைத்தபோது மலாயாவின் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதில் இரண்டாம் நிலைத் தளபதியாக இருந்த ஜானகி ஆதி நாகப்பன் பிறகு மேலவை உறுப்பினரானார் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். நவராத்திரிக்குச் சூலம் ஏந்திய அம்மனை அலங்காரம் பண்ணுகிறோம். விநாயகரையும் முருகனையும் யாரிடம் விட்டுவிட்டு வந்தாய் தாயே என்று எந்த அர்ச்சனையிலும் கேட்டதில்லை.

என்னைப் போன்ற பெண்களை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் அதுவும் நியாயமாகாது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. ஒரு பெண் கூட்டத்துக்குப் போனால் அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டப்போவது இன்னொரு பெண்தான். மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு அக்கா. என் மாமியாருக்கு முட்டி வலி. ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன நினைத்துக்கொண்டு பேரனைப் பார்த்துக்கொள்கிறார் என்று இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்த பிறகுதான் முதல்முறையாகக் கேட்டேன். “கோயிலாச்சேன்னு சும்மா இருக்கேன்” என்றார். நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுப்பார்த்து, வட்டத்துக்கு வரும்போது அந்தப் பதிலோடு வாருங்கள். பையன்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

தோட்டத்தில் ஆயக்கொட்டகையாவது இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு தோட்டமே போய்த் தாமான் வந்தது. சிரம்பானைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்டன. வரும்போது சாமியைக் கொண்டுவந்தோம், ஆயக்கொட்டகையைக் கொண்டுவரவில்லை. இன்று தாமானில் பிள்ளையை விட வேண்டும் என்றால் காசு வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பாட்டி வேண்டும்.

இந்த நிலையை மாற்றும் இடம் எது? 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. அப்பாவுக்கும் 7 நாள் கிடைத்தது. அது நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து வந்த சட்டம். 2022 பொதுத்தேர்தலில் 222 இடங்களில் பெண்கள் ஜெயித்தது 30 இடங்கள்தான். அந்த வாசல் வரைக்கும் போகிற தாயை நாம் கோயில் மண்டபத்திலேயே நிறுத்திவிட்டால், ஆயக்கொட்டகைக்காக அங்கே யார் பேசப்போகிறார்கள்?

அக்காவிடம் போன வாரம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லம்மா, எங்கம்மாவே அதத்தான் கேட்டாங்க” என்றார். கிளைக் கூட்டம் வரும் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. மகனை எங்கள் வீட்டில் விடச் சொல்லியிருக்கிறேன். மாமியார் அன்றைக்குத் தைப்பிங்கில் இருப்பார். நானும் என் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் காற்பந்து விளையாட்டு இருக்கிறது என்கிறார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.